தகரக் குழாயில் வெற்றுத் தாள்

1966, செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. காலை 9.40.

தாம்பரம் மின்ரயில் பணிமனைக்கு எதிரே, ரயில்வே காலனியின் கடைசி வீட்டில், ஒரு தகரக் குழாயின் மூடியைச் சுற்றியிருந்த அரக்கு முத்திரைகள் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன. உள்ளே சுருண்டிருந்த தாள் வெளியே வந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை.

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தாளை வெளியே இழுத்த ஸ்ரீநிவாசராகவன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், மழை மூட்டத்தின் மங்கிய வெளிச்சத்தில் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"இது புதுத் தாள்," என்றார். "யாரோ மாத்திட்டாங்க."

தாளைத் திரும்பச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தக் குழாயில் இருந்திருக்க வேண்டியது ஒரு ரயிலின் தலைவிதி. சென்னைப் புறநகர்ப் பாதையில் ஓடிய பழைய மின்ரயில்களுக்கு வயதாகிவிட்டது. புதியவை வேண்டியிருந்தன. பம்பாய் நிறுவனம் ஒன்று நான்கு பெட்டிகள் கொண்ட மாதிரி ரயில் ஒன்றை ஆறு மாதக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. குத்தகை முடிவதற்குள் அரசாங்கம் அமைத்த ஆய்வுக் குழு அதை ஓட்டிப் பார்த்து, சரி என்று எழுதினால் அதே மாதிரியில் பதினெட்டு ரயில்கள் வாங்கப்படும். இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போகும். குத்தகை முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

குழுவில் இரண்டே உறுப்பினர்கள். தலைவர் வேதசிரோமணி, பாளையங்கோட்டைக்காரர். முப்பது ஆண்டுகள் பாலங்கள் கட்டியவர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் பல ஒப்பந்தக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. தொழில்நுட்ப உறுப்பினர் ஸ்ரீநிவாசராகவன், மின்ரயில் விஷயத்தில் தென்னிந்தியாவில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவர். மென்மையாகப் பேசுவார். யாரையும் ஏகவசனத்தில் அழைத்ததில்லை.

மூன்றாவது ஆள் மெட்டில்டா. அவர் உறுப்பினர் அல்ல. குழுவின் பதிவேடுகளைக் காக்கும் ஸ்டெனோகிராபர். நாற்பத்திரண்டு வயது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குழு பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, மெழுகு ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் நகல் போடுவது அவர் வேலை. இருபத்து நான்கு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்தார். கூட்டங்களில் யாரும் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை.

மற்ற இருவர், நிறுவனத்தின் பொறியாளர் ஜெபராஜும் ரயிலை ஓட்டிய டிரைவர் சிட்டிபாபுவும்.

முந்தின நாள், வியாழக்கிழமை, நடந்தது இது. காலை 10.20க்கு ரயில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டை நோக்கிப் புறப்பட்டது. கூடுவாஞ்சேரிக்கு முன்னால் பாதையோரம் ஒரு மஞ்சள் பலகையும், தள்ளி ஒரு சிவப்புப் பலகையும் நட்டிருந்தார்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலுக்கு மஞ்சள் பலகையில் பிரேக் போட வேண்டும். சிவப்புப் பலகைக்குள் ரயில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. சிவப்புப் பலகையைத் தாண்டி, அதற்கப்பால் இருந்த லெவல் கிராஸிங்கையும் தாண்டிப் போய் நின்றது. கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜெபராஜ் கீழே குதித்து நாடா பிடித்து அளந்தார். சிவப்புப் பலகையைத் தாண்டி நூற்று ஐம்பத்திரண்டு மீட்டர். டிரைவர் தாமதமாகப் பிரேக் போட்டார் என்றார் அவர். சிட்டிபாபு மறுத்தார். மஞ்சள் போர்டு மூக்குக்கு நேரே வந்தபோதே கைப்பிடியைத் திருப்பியதாகவும், வண்டிதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

யார் சொல்வது உண்மை என்று சொல்லக்கூடியது ஒன்றுதான். டிரைவர் அறையில் இருந்த வேகப்பதிவுக் கருவி. அதில் 'சார்ட்' எனப்படும், மெழுகு பூசிய சாம்பல் நிறத் தாள் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு ஊசிகள் அந்த மெழுகைக் கீறிக்கொண்டே போகும், கீறிய இடத்தில் கருங்கோடு தெரியும். ஒரு கோடு ரயிலின் வேகம். மற்றது பிரேக் கைப்பிடியின் அசைவு.

11.20க்கு ஸ்ரீநிவாசராகவன் கருவியைத் திறந்து தாள் சுருளை எடுத்தார். விதிப்படி அது மறுநாள் காலை இரு தரப்பும் கூடியிருக்கும்போதுதான் விரித்து அளக்கப்படும். அதனால் வேதசிரோமணி சுருளின் வெளி ஓரத்தில் கோடு இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, அதைத் தகரக் குழாயில் போட்டு, மூடியைத் துணிப்பட்டையால் சுற்றி, அரக்கு வைத்தார். பட்டையில் நால்வர் கையெழுத்துப் போட்டார்கள். ரயில் செங்கல்பட்டு போய்த் திரும்ப வேண்டியிருந்தது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம், டிரைவர் அறைக்குப் பின்னால் உள்ள சின்ன இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டிவிடலாம், சாவி மெட்டில்டாவிடம் இருக்கட்டும் என்று ஸ்ரீநிவாசராகவன் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஜெபராஜ் இன்னொரு முறை பாதையை அளப்பதற்காகக் கூடுவாஞ்சேரியிலேயே தங்கிவிட்டார்.

பகல் 1.10. ரயில் தாம்பரம் திரும்பியது. மெட்டில்டா லாக்கரைத் திறந்து குழாயை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வேதசிரோமணியோடு நேரே காலனி வீட்டிலிருந்த குழு அலுவலகத்துக்கு வந்தார். இரும்பு அலமாரியில் வைத்தார்கள். அலமாரிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி தலைவரிடம், மற்றது மெட்டில்டாவிடம். வாசலில் காவலாள் குப்பன்.

வெள்ளிக்கிழமை காலை பூட்டுகள் அப்படியே இருந்தன. அரக்கு அப்படியே இருந்தது. பட்டையில் நான்கு கையெழுத்தும் அப்படியே இருந்தன. கோடு மட்டும் இல்லை.

10.30க்கு ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெயவேலு வந்தார். பருத்த உடம்பு, சுருக்கமான பேச்சு. பூட்டுகளைப் பார்த்தார், ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார், உடைந்த அரக்குத் துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு குப்பனைக் கூப்பிட்டார்.

குப்பன் முதலில் தயங்கினார். அதட்டியதும் சொன்னார், நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சிட்டிபாபு வந்திருந்தாராம். வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றாராம். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம்.

ஜெயவேலு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு வந்தே?"

"சார்ட்டுல இன்னா கீதுன்னு கேக்க வந்தேன் சார்."

"கேட்டியா?"

"ஆபீஸ் பூட்டிகினு இருந்துச்சி. அப்டியே திரும்பிட்டேன்."

"அந்த சார்ட் இருந்தா உன் வேலை போயிருக்கும். அதுதானே?"

சிட்டிபாபு பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவர். இந்தப் புது ரயிலுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது கடப்பேரியில் அவர் தெருவே வந்து கைகுலுக்கியது. இப்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த சார்ட் இருந்தாத்தான் சார் என் வேலை நிக்கும்," என்றார் கடைசியில். "அத்தெப் போயி நான் இன்னாத்துக்குத் திருடப்போறேன்?"

ஜெயவேலுவின் கணக்கு எளிமையானது. சார்ட் டிரைவரின் தவறைக் காட்டியிருக்கும், எனவே டிரைவர் எடுத்திருக்கிறார். பூட்டுக்குக் கள்ளச்சாவி, அரக்குக்குக் கள்ள முத்திரை. யாராவது உதவி செய்திருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் பார்வை அலமாரிச் சாவி கோத்திருந்த மெட்டில்டாவின் சங்கிலிமேல் ஒரு கணம் நின்றது.

மெட்டில்டா அதைக் கவனித்தார். தன் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். குழாய் லாக்கரில் இருந்தவரை ஒரே சாவி தன்னிடம்தான் இருந்தது, அதையும் விட்டுவிட வேண்டாம் என்றார்.

ஸ்ரீநிவாசராகவன் குறுக்கிட்டு, அந்த அம்மாவைச் சந்தேகப்படுவது அநியாயம் என்றார். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். வேதசிரோமணி இன்ஸ்பெக்டரிடம் நான்கு மணிவரை யாரையும் கைது செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜெயவேலு அதற்குள் கடப்பேரி வீட்டைச் சோதனை போட்டுவிடுகிறேன் என்று சிட்டிபாபுவை அழைத்துக்கொண்டு போனார்.

11.15. அறை காலியாயிற்று. மேஜைமேல் கிடந்த வெற்றுத் தாளைக் கோப்பில் சேர்ப்பது மெட்டில்டாவின் பொறுப்பு. அதில் எண் போட்டு வைக்க வேண்டும். அவர் தாளைப் பிரித்தார். தாள் எளிதில் பிரியவில்லை. ஒரு சுற்று அடுத்த சுற்றோடு லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்தார். கட்டைவிரலில் வழவழப்பாக ஏதோ பட்டது.

விரலை முகர்ந்து பார்த்தார்.

அந்த வாசனை அவருக்கு இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கம். ஸ்டென்சில் தாளும் மெழுகு பூசியதுதான். எழுத்து விழும் இடத்தில் மெழுகு விலகும், அதன் வழியாகத்தான் மை இறங்கும். ஒரு கோடையில், பழைய அலுவலகத்தில், டைப் அடித்து வைத்த பதினோரு ஸ்டென்சில்களை யாரோ வெயில் விழும் தகரப் பெட்டிமேல் வைத்துவிட்டார்கள். மாலையில் பார்த்தபோது பதினொன்றும் வெறுமையாக இருந்தன. மெழுகு இளகி எழுத்துகளை மூடிவிட்டிருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தது அவருக்கு மறக்கவில்லை.

அவர் எழுந்து ஜெபராஜைத் தேடிப் போனார். ஜெபராஜ் பணிமனை வாசலில் நின்றிருந்தார். கருவிக்குப் போடும் புதிய தாள் சுருள் ஒன்று வேண்டும் என்று மெட்டில்டா கேட்டார். எதற்கு என்று ஜெபராஜ் கேட்கவில்லை, அவருக்கும் மனசு சரியில்லை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

11.50. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மெட்டில்டா. புதியது சுண்ணாம்பு அடித்த சுவர்போல மங்கலாக, விரல் பட்டால் தடம் விழும்படி இருந்தது. குழாயிலிருந்து வந்தது ஒரு நிழல் கறுத்து, ஈரம் பட்டதுபோல மினுமினுத்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கையில் பிடித்தால் ஒன்றல்ல.

12.20. புதிய தாளில் ஒரு சாண் கிழித்துக்கொண்டு பணிமனைக் கேண்டீனுக்குப் போனார். கொண்டை ஊசியால் அதில் ஒரு வளைகோடு இழுத்தார். கோடு கறுப்பாகத் தெரிந்தது. தாளைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, ஒரு துண்டு அரக்கையும் உருக்கி மூடிமேல் வைத்தார். டப்பாவை டீ பாய்லரின் மூடிமேல் வைத்துவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ போடுகிறவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்துத் திறந்தபோது கோடு போய்விட்டிருந்தது. அரக்கு இறுகியபடியே இருந்தது.

ஆக, யாரும் தாளை மாற்றவில்லை. யாரும் குழாயைத் திறக்கவில்லை.

1.15. அலுவலகத்துக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் இன்னொன்று செய்தார். வெயிலில் பாழான ஸ்டென்சிலைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளம் தெரியும் என்பது டைப் அடிக்கிறவர்களுக்குத் தெரியும். மெழுகு இளகி மூடினாலும் ஊசி அழுத்திய தடம் தாளில் இருக்கும். ஒரு பஞ்சில் சைக்ளோஸ்டைல் மையைத் தொட்டு, ஒன்றுமில்லாத அந்தத் தாளின் ஒரு முழ நீளத்துக்கு மெல்லப் பூசினார். உடனே சுத்தமான துணியால் துடைத்தார். மேலே இருந்த மை போயிற்று. பள்ளத்தில் இருந்தது போகவில்லை.

முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு அதன் கீழே இன்னொன்று.

அதைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் முந்தைய சோதனைகளின் அறிக்கைகளை டைப் அடித்தவர் அவர்தான். அலமாரியிலிருந்து ஆறு மாதத்துக் கோப்புகளை இறக்கினார். மார்ச் மாதம் ஸ்ரீநிவாசராகவன் எழுதிக் கொடுத்த முதல் பரிசோதனை அறிக்கை கிடைத்தது. ரயில் குத்தகைக்கு வந்ததே அந்த அறிக்கையின் பேரில்தான். நாற்பத்தோரு பக்கம். மெட்டில்டா ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இருபத்தேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

மாலை 3.30.

எல்லோரும் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். கடப்பேரியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார் ஜெயவேலு. சிட்டிபாபு கதவோரம் நின்றார். மெட்டில்டா தன் வழக்கமான இடத்தில், டைப்ரைட்டருக்குப் பின்னால் இருந்தார். எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்ல வேண்டும் என்று அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். வேதசிரோமணி அவரைப் பார்த்து, "சொல்லுங்க," என்றார்.

அவர் எழுந்து நின்று சொன்னார். கேண்டீனில் செய்த சோதனையை முதலில் விளக்கி, இரண்டு தாள்களையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஜெயவேலு முகர்ந்தும் பார்த்தார்.

"அப்போ திருட்டே நடக்கலைங்கறீங்களா?"

"நடந்துச்சு சார். ஆனா ராத்திரி இந்த ரூம்ல நடக்கல. நேத்து மத்தியானம் ரயில்ல நடந்துச்சு. நம்ம எல்லார் கண்ணு முன்னாலயும்."

ஒரு மணிக்கு லாக்கரிலிருந்து எடுத்தபோது குழாய் கையைச் சுட்டதாகவும், அதனால்தான் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்ததாகவும் சொன்னார். வெயில் என்று நினைத்துவிட்டாராம். ஆனால் நேற்றும் வானம் மூடித்தான் இருந்தது. பிறகு அறிக்கையின் இருபத்தேழாம் பக்கத்தை வாசித்தார். டிரைவர் அறைக்குப் பின்னால் மின்கருவிகள் இருக்கும் பெட்டி, ரயில் ஓடும்போது மிகவும் சூடாகிறது. அதை ஒட்டிய சிறு லாக்கரின் சுவர் எழுபத்தெட்டு டிகிரி வரை போகிறது. எனவே அதில் உணவுப் பொருளோ, மெழுகுத் தாளோ வைக்கலாகாது.

"மெழுகுத் தாள்னு எழுதியிருக்கு," என்றார் மெட்டில்டா. "நானே அடிச்ச பக்கம். ஆறு மாசத்துல மறந்துட்டேன். எழுதினவர் மறந்திருக்கலாம், மனுஷன்தானே. அதனால அதை மட்டும் வச்சு நான் எதுவும் சொல்லல."

அவர் அறிக்கையை மூடி வைத்தார்.

"ஆனா இன்னிக்குக் காலையில அந்தத் தாளை முதல்ல கையில எடுத்தவர் அவர் ஒருத்தர்தான். பிசுபிசுன்னு ஒட்டியிருந்ததைப் பிரிச்சவரும் அவர்தான். எனக்கு ஸ்டென்சில் மட்டும்தான் தெரியும், எனக்கே விரல்ல பட்டவுடனே தெரிஞ்சுபோச்சு. இருபது வருஷமா இந்தத் தாளைப் படிக்கிறவருக்குத் தெரியாம இருக்குமா? ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துட்டு, புதுத் தாள்னு சொல்லிட்டார் சார். தெரியாதவங்க அப்படிச் சொல்லலாம். அவர் சொல்ல முடியாது."

யாரும் ஸ்ரீநிவாசராகவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லாததுபோல எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள்.

மெட்டில்டா மை பூசிய தாளை வேதசிரோமணியின் முன்னால் விரித்தார். இரண்டு கோடுகளும் பூச்சியின் கால்கள்போல மெலிதாக, ஆனால் தெளிவாக இருந்தன. வேதசிரோமணி பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு ஜெபராஜைக் கூப்பிட்டு, நீங்களே அளந்து சொல்லுங்கள் என்றார்.

ஜெபராஜ் நெடுநேரம் அளந்தார். பிரேக் கோடு ஓரிடத்தில் சட்டென்று மேலே ஏறுகிறது. வேகக் கோடு அந்த இடத்தில் இறங்கவில்லை. நேராகவே போகிறது. ஏழு விநாடிக்குப் பிறகுதான் இறங்கத் தொடங்குகிறது.

"ஏழு செகண்ட்," என்றார் அவர். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏழு விநாடிக்கு ரயில் எவ்வளவு தூரம் ஓடும் என்று காகித ஓரத்தில் பென்சிலால் போட்டார். நூற்று ஐம்பத்தைந்து மீட்டர். அவர் நாடா பிடித்து அளந்தது நூற்று ஐம்பத்திரண்டு.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜெபராஜ் கதவோரம் நின்ற டிரைவரைப் பார்த்தார். "நீங்க மஞ்சள் போர்டுலதான் பிரேக் போட்டிருக்கீங்க. பிரேக் வால்வுதான் உடனே திறக்கல. என்னை மன்னிச்சிடுங்க."

சிட்டிபாபு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீநிவாசராகவன் பேசினார். மறுக்கவில்லை. கருவியைத் திறந்து சுருளை எடுத்த அந்த நொடியிலேயே ஏழு விநாடி இடைவெளி கண்ணில் பட்டுவிட்டதாம். அந்த வால்வை மார்ச் மாதம் பார்த்துப் பாதுகாப்பானது என்று எழுதியவர் அவர். அதைப் பற்றி டெல்லியில் கேள்வி எழுந்தபோது, என் பெயரே அதற்குப் பொறுப்பு என்று பதில் எழுதியவரும் அவர்தான். நிறுவனத்திடமிருந்து ஒரு கப் காபிகூட வாங்கியதில்லை என்றார். அதை அங்கிருந்த எல்லோரும் நம்பினார்கள்.

"லாக்கர்ல வைக்கலாம்னு என் வாய்தான் சொல்லித்து," என்றார். "சொல்லி முடிச்சப்புறம்தான் ஏன் சொன்னேன்னு எனக்கே புரிஞ்சது. திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கலாம். செங்கல்பட்டு வரைக்கும் சொல்லணும் சொல்லணும்னே உட்கார்ந்துண்டிருந்தேன்."

"சிட்டிபாபுவைப் போலீஸ் கூட்டிட்டுப் போனப்ப?" என்று கேட்டார் வேதசிரோமணி.

ஸ்ரீநிவாசராகவன் தலை குனிந்தார். பிறகு மெட்டில்டாவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நடந்ததைத் தன் கையாலேயே எழுதத் தொடங்கினார். இரண்டு பக்கம் எழுதினார். தன்னைக் காப்பாற்றும் ஒரு சொல்கூட அதில் இல்லை. எழுதி முடித்ததும் எழுந்து போய் சிட்டிபாபுவின் முன்னால் நின்றார். அவரைவிடப் பதினைந்து வயது சிறியவரான அந்த டிரைவர், அவர் கைகூப்புவதற்கு முன்பே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க சார்," என்றார். "கேட்டாண்ட பசங்க நின்னுகினு இருந்தாங்க. அத்தெத்தான் ராத்திரி பூரா நென்ச்சிகினு கெடந்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல. அது போதும்."

ஜெயவேலு தன் குறிப்பேட்டை மூடினார். வெளியே போகும்முன் மெட்டில்டாவின் மேஜைக்கு அருகில் நின்று, காலையில் சாவிச் சங்கிலியைப் பார்த்ததற்காக மன்னிப்புக் கேட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் பூட்டையும் ஜன்னலையும்தான் பார்த்தேன், தாளைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்றார். மெட்டில்டா சிரித்துவிட்டு, விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டார்.

குழுவின் அறிக்கை அடுத்த செவ்வாய்க்கிழமை டெல்லிக்குப் போனது. இந்த ரயிலை இப்போது வாங்கக் கூடாது, குத்தகையை மூன்று மாதம் நீட்டி, பிரேக் வால்வை மாற்றி, எங்கள் முன்னிலையில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஸ்ரீநிவாசராகவனின் வாக்குமூலமும், அவருடைய ராஜினாமாவும் இணைப்பில் இருந்தன. நிறுவனம் முணுமுணுத்தது. ஆனால் ஜெபராஜ் பம்பாய்க்குப் போய் இரண்டு வாரம் உட்கார்ந்து புது வால்வை வடிவமைக்க வைத்தார். டிசம்பரில் சிட்டிபாபு அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டினார். ரயில் சிவப்புப் பலகைக்கு முப்பது மீட்டர் முன்னாலேயே நின்றது. ஒரே நாளில் பதினோரு முறை ஓட்டினார்கள். பதினோரு முறையும் நின்றது. அதற்குப் பிறகுதான் வேதசிரோமணி வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் அறிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை டைப் அடித்துக் கொண்டுவந்து வைத்தபோது, கடைசிப் பக்கத்தில் தலைவருக்கு மட்டும் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார் மெட்டில்டா. வேதசிரோமணி தன் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே அளவுகோல் வைத்து இன்னொரு கோடு போட்டு, பேனாவை அவரிடம் நீட்டினார். மெட்டில்டா மறுத்துப் பார்த்தார், விதியில் இடம் இல்லை என்று எடுத்துச் சொன்னார். தலைவர் பேனாவை நீட்டியபடியே இருந்தார்.

பத்து நாள் கழித்து டெல்லியிலிருந்து ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டாவதாகக் கையெழுத்திட்டிருப்பவர் குழு உறுப்பினர் அல்லவே, அவர் யார், எந்தத் தகுதியில் கையெழுத்திட்டார் என்று கேட்டிருந்தார்கள்.

வேதசிரோமணி பதிலைச் சொல்லச் சொல்ல மெட்டில்டாதான் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை எடுக்க மட்டும் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ரயிலை நிறுத்தியவர்."